பதினெட்டு வீட்டில் குடித்த காப்பி

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோய், மதுரைக் கடைத்தெருவில் அரிசி மூட்டையைக் கண்ணால் பார்ப்பதே அதிசயமாகியிருந்தது. எனக்கு இருபது வயது, காலேஜில் கடைசி வருஷம். அப்பா சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. வடக்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. அந்த வயதில் எனக்கு என்னைப் பற்றி ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததில் பாதி அதனால்தான் நடந்தது.

எங்கள் சந்து முனையில் ஒரு இளம் வக்கீல் குடியிருந்தார். கோர்ட்டில் அவருக்கு அவ்வளவாகக் கேஸ் கிடையாது. மில் தொழிலாளர் சங்கத்துக்கு மட்டும் ஓடி ஓடி உழைப்பார். சீமையில் தொழிற்சங்கங்களுக்குத் தகவல் திரட்டிக் கொடுப்பதற்கென்றே படித்தவர்கள் சிலர் கூடிக் குழு அமைத்திருக்கிறார்களாம். முதலாளி தரப்பு ஒன்றைச் சொன்னால், அது சரிதானா என்று துருவிப் பார்த்து எழுதுவார்களாம். வக்கீல் இதை எங்கோ படித்துவிட்டு வந்து, "மதுரையில் நாமும் ஏன் செய்யக் கூடாது?" என்றார். அவர் வீட்டு மாடி அறையில் அப்படித்தான் எங்கள் ஆராய்ச்சிக் குழு பிறந்தது. வக்கீல், மாணவர்கள் மூன்று பேர், நான். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு பாய். குழுவுக்கு வைத்த பெயர் மட்டும் அறையில் அடங்காத நீளம்.

சங்கச் செயலாளருக்கு எங்களைப் பார்த்ததில் ஒரே சந்தோஷம். அவரும் மில்லில் நூல் நூற்கும் பிரிவில் வேலை பார்ப்பவர்தான்.

"கத்துறதுக்கு எங்க ஆளுகளுக்கு யாரும் சொல்லித்தர வேணாம் தங்கச்சி. ஆனா கத்துனா எவன் கேக்குறான்? எழுதிக் குடுத்தாத்தேன் சர்க்கார் நம்புது" என்றார்.

அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று. வெளியில் அரிசி கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அதனால் மில் நிர்வாகமே ஒரு தானியக் கடை திறந்து, நியாயமான விலைக்கு அரிசி போட வேண்டும். நிர்வாகமோ, 'எங்கள் தொழிலாளிகளுக்கு ஒரு குறையும் இல்லை, சங்கம் கிளப்பிவிடுகிறது' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் கேட்டு முடிவு சொல்ல ஒரு சர்க்கார் அதிகாரி வரப்போகிறார் என்று தெரிந்தது. அவர் முன்னால் வைக்க எங்கள் குழு ஒரு அறிக்கை தயாரிக்க வேண்டும். மில்லுக்குள் இருக்கும் தூசி, அடைத்தே கிடக்கும் ஜன்னல், தண்ணீருக்குப் படும் பாடு எல்லாம் அந்த மூன்று மாணவர்கள் பொறுப்பு. தொழிலாளர் வீடுகளில் என்ன சமைக்கிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்பது என் பொறுப்பு. பெண் பிள்ளை அடுப்படிவரை போகலாம் அல்லவா?

வக்கீல் எங்களுக்கு இரண்டு கட்டளை போட்டார். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், ஒரு வார்த்தை கூட்டி எழுதக் கூடாது. அது முதலாவது. அந்த வீடுகளில் குடிக்க எது கொடுத்தாலும் மறுக்கக் கூடாது. அது இரண்டாவது. அந்தக் காலத்தில் எங்களைப் போன்ற வீட்டுப் பெண் ஒருத்தி, 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், சாதி பார்த்துத்தான் மறுக்கிறாள் என்று மனசு நொந்துபோவார்கள். நல்ல கட்டளை என்றுதான் நானும் நினைத்தேன். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மில்லுக்கு மேற்கே, வைகைப் பக்கம் போகும் வண்டிப்பாதையை ஒட்டி ஒரு காம்பவுண்டு. எதிரெதிராக ஒன்பது ஒன்பது வீடு, மொத்தம் பதினெட்டு. எல்லாரும் மில் குடும்பங்கள். வீட்டில் டியூஷன் என்று பொய் சொல்லிவிட்டு, ஒரு சாயங்காலம் நோட்டும் பென்சிலுமாக அங்கே போய் நின்றேன்.

முதல் வீட்டில் ஒரு அக்கா இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூப்பு இருக்கும். மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் வேலை. புருஷன் இல்லை, ஒரு கைக்குழந்தை. வாசலில் உட்கார்ந்து சுளகில் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகின் ஓரம் பிய்ந்த இடத்தை நீலத் துணியால் மூட்டித் தைத்திருந்தாள்.

"உள்ள வாங்க தாயி, வாசல்ல நிக்காதீக" என்று பாயை விரித்தாள். நான் கேள்வி கேட்க ஆரம்பிப்பதற்குள் பித்தளை டம்ளரில் காப்பி வந்துவிட்டது. பால் விட்ட கருப்பட்டிக் காப்பி. டம்ளரின் விளிம்பில் ஒரு நெளிவு. குடிக்கும்போது உதட்டில் இடறியது. மறுக்காமல் குடித்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சமத்துவத்தையே நிலைநாட்டிவிட்டதாக எனக்குப் பெருமை. நோட்டில் எழுதினேன்: 'அரிசி உண்டு, பார்த்தேன். காப்பி உண்டு, குடித்தேன்.'

அடுத்த வீட்டில், "செத்த இருங்க தாயி, இந்தா வாரேன்" என்று அந்த அம்மாள் பின்பக்கம் போனாள். சுவருக்கு அந்தப் புறம் ஏதோ குசுகுசுப்பு. திரும்பி வந்தபோது கையில் காப்பி. கொஞ்ச நேரத்தில் சுளகில் அரிசியை எடுத்து வைத்துக்கொண்டு, கல் பொறுக்கியபடியே எனக்குப் பதில் சொன்னாள்.

மூன்றாவது வீட்டிலும் அப்படித்தான். நான்காவது வீட்டிலும் அப்படித்தான்.

இரண்டு வாரம் போய் வந்தேன். ஒரு நாளைக்கு ஒரு வீடு, சில நாள் இரண்டு வீடு. பதினெட்டு வீட்டிலும் பெண்கள் கல் பொறுக்கினார்கள், பதினெட்டு வீட்டிலும் காப்பி கொடுத்தார்கள். பதினெட்டுத் தடவையும் என் உதட்டில் அந்த நெளிவு இடறியது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பாவம், ஏழைகள், நசுங்கிப்போன டம்ளரை ஏதோ ஒரே கடையில் மலிவாக வாங்கியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்! நோட்டில் அதையும் எழுதி வைத்தேன்: 'பித்தளை டம்ளர் எல்லா வீட்டிலும் உண்டு. நசுங்கியவை.' அந்த வரியை எழுதின கையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அறிக்கை தயாரானது. என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் முழுவதையும் நான்தான் படியெடுத்தேன். வீடு வீடாக நான் எழுதிய பட்டியலை வக்கீல் படித்துவிட்டு மோவாயைத் தடவினார்.

"எல்லா வீட்டிலுமா அரிசி?"

"என் கண்ணால் பார்த்தேன் சார்."

அவர் போட்ட கட்டளையையே அவருக்குத் திருப்பிச் சொன்னேன். அவரால் என்ன செய்ய முடியும்? "சரி, அரை வயிறு கால் வயிறாகத்தான் சாப்பிடுகிறார்கள் என்று வாதாடிக்கொள்ளலாம். பொய் இல்லாத அறிக்கை என்ற மதிப்பாவது கிடைக்கும்" என்றார். அவசரம் வேறு, செயலாளரிடம் காட்டக்கூட நேரம் இல்லை. மறுநாளே ஒரு பிரதி அதிகாரிக்கும் இன்னொரு பிரதி மில் தரப்புக்கும் போயாக வேண்டும்.

விசாரணை நாள் வந்தது. ஒரு சர்க்கார் கட்டடத்தின் ஹாலில் நீள மேஜை. நடுவில் அதிகாரி. ஒரு பக்கம் மில் மேனேஜரும் சரிகைத் தலைப்பாகை வைத்த அவர்களுடைய வக்கீலும். இன்னொரு பக்கம் எங்கள் வக்கீலும் செயலாளரும். எங்கள் குழுவுக்கு, அவர்களுக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அன்று மில்லுக்கு வார விடுமுறை. அதனால் தொழிலாளிகள் வராந்தா முழுக்க நெருக்கிக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கொஞ்சம் தள்ளி, வேப்ப மரத்தடியில் நின்றார்கள்.

தலைப்பாகை வக்கீல் எழுந்தார். அவர் கையில் எங்கள் அறிக்கை! தூசியைப் பற்றிய பக்கங்களைத் தொடவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"முதல் வீடு. அரிசி உண்டு, பார்த்தேன். காப்பி உண்டு, குடித்தேன்."

நிறுத்தினார். எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இரண்டாம் வீடு. அரிசி உண்டு, பார்த்தேன். காப்பி உண்டு, குடித்தேன்."

அப்படியே பதினெட்டு வீட்டையும் வாசித்தார். ஒன்றைக்கூட விடவில்லை. ஐந்தாவது வீட்டிலேயே மேனேஜர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார். என்னுடைய வார்த்தைகள், நான் சீவிச் சீவி எழுதின பென்சிலில் பிறந்த வார்த்தைகள், ஒவ்வொன்றாக எங்கள் ஆட்கள் தலையிலேயே விழுந்துகொண்டிருந்தன.

"இந்த யுத்த காலத்தில் என் வீட்டிலேயே இரண்டு வேளைதான் அரிசிச் சோறு" என்று அவர் முடித்தார். "இவர்களுக்கு எதற்குத் தனியாகத் தானியக் கடை?"

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி, "இது உங்கள் குழு எழுதியதுதானே?" என்று கேட்டார். எங்கள் வக்கீல் எழுந்து, "ஆமாம்" என்றார். வேறு என்ன சொல்வது? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே பேசலாம் என்று அதிகாரி எழுந்து போனார்.

நான் மரத்தடிக்கு ஓடினேன். செயலாளர் என் பின்னாலேயே வந்தார். திட்டுவார் என்று பயந்தேன். திட்டியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகக் கேட்டார்.

"பதினோராவது வீடு எங்க வீடு தங்கச்சி. எங்க வீட்லயுமா அரிசி பாத்தீக?"

"ஆமாண்ணே. உங்க வீட்டம்மா சுளகில் போட்டுக் கல் பொறுக்கிட்டு இருந்தாங்க."

"நான் ஷிப்டுக்குப் போயிருந்தேன். எனக்குத் தெரியாது. ஆனா எங்க வீட்ல அரிசி ஒல வச்சு ரெண்டு மாசமாச்சு தங்கச்சி. கேப்பைக் கூழு. அதுவும் இல்லாத அன்னிக்குப் புளியங்கொட்டைய வறுத்து ஊறவச்சுத் திங்கிறோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை நடந்த பிறகும் எனக்குத்தான் கோபம், பாருங்கள்! "நான் பொய் எழுதலண்ணே. அந்தச் சுளகு எனக்கு இப்பவும் ஞாபகம் இருக்கு. ஓரத்துல நீலத் துணி வச்சுத் தைச்சது" என்றேன்.

சொல்லி முடிக்கும்போதே எனக்கு உறைத்தது. நீலத் துணி. அதை முதல் வீட்டில் அல்லவா பார்த்தேன்?

பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செயலாளரின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அந்த முதல் வீட்டு அக்காதான் முன்னால் வந்தாள்.

"அது என் சுளகு தாயி. அரிசியும் என்னுதுதேன். தம்பி பேரையூர்லருந்து வந்தப்ப ரெண்டு படி கொண்டாந்தான். நீங்க ஒவ்வொரு வீடாப் போறப்ப பின்பக்கமா அந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்."

"அப்போ டம்ளர்?"

"இந்தக் காம்பவுண்டுல பித்தளை டம்ளர் அது ஒண்ணுதேன். நீங்க குடிச்சது பூராம் அதுலதேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். காப்பித்தூள் யாருடையது, பால் எந்தக் குழந்தையுடையது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "ஏன்க்கா எங்கிட்டச் சொல்லல?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "வீடு தேடி வந்த பிள்ளைகிட்ட ஒண்ணும் இல்லைன்னு எப்புடித் தாயி சொல்றது? நீங்களும் மொகம் சுளிக்காம வாங்கிக் குடிச்சீக. நீங்க எழுதுறது இம்புட்டுத் தூரம் வரும்னு யாரு கண்டா?"

எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால் என் அம்மா என்ன செய்வாள்? முன்வாசலில் சிரித்து உட்காரவைத்துவிட்டு, பின்கட்டு வழியாகப் பக்கத்து வீட்டில் ஒரு கிண்ணம் சர்க்கரை வாங்கி வருவாள். அந்தக் கிண்ணத்தைச் சின்ன வயதிலிருந்து நூறு தடவை நானே போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அப்பேர்ப்பட்ட எனக்கு, அதே வித்தை கண் முன்னால் பதினெட்டுத் தடவை நடந்தும் தெரியவில்லை. காலேஜ் படிப்பு கண்ணை அந்த அளவுக்கு மறைத்திருந்தது.

வக்கீல் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார், இதை நாம் சொன்னால் அதிகாரி நம்பமாட்டார், சமாளிக்கிறோம் என்றுதான் நினைப்பார், அந்த வீட்டுப் பெண்களே வந்து சொல்ல வேண்டும் என்று.

யாரும் அசையவில்லை. மேனேஜர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், ஊர் ஆம்பளைகள் முன்னால், 'எங்கள் வீட்டில் அரிசி இல்லை, இரவல் வாங்கிக் காட்டினோம்' என்று எந்தப் பெண் எழுந்து சொல்வாள்? பட்டினியைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கு அது பொறுக்க முடியாததாக இருந்தது. செயலாளரே, "எங்க வீட்ல வேணாம் சார், அவ சொல்ல மாட்டா" என்று தலையைக் குனிந்துகொண்டார். வேலை போய்விடும் என்ற பயம் வேறு. திரும்பிப் பார்த்தபோது அந்த அக்காவைக் காணவில்லை. பயந்து போய்விட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். நியாயம்தானே?

மத்தியானம் ஹால் மறுபடி கூடியது. எங்கள் வக்கீல் எதையோ தட்டுத்தடுமாறிப் பேசிக்கொண்டிருந்தபோது வாசலில் சலசலப்பு. அக்கா வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் நீலத் துணி தைத்த சுளகு. சுளகில் அரிசி, அரிசிக்கு நடுவில் டம்ளர். காம்பவுண்டுவரை வெயிலில் நடந்து போய் எடுத்து வந்திருக்கிறாள். சேவகன் தடுப்பதற்குள் உள்ளே வந்து, அதிகாரியின் மேஜைமேல் சுளகை வைத்துவிட்டாள்.

"ஐயா, அந்தத் தாயி எழுதுனது பொய்யில்ல. பதினெட்டு வீட்லயும் அரிசி பாத்துச்சு. அது இந்த அரிசிதேன்."

இடுப்புக் குழந்தையை ஏற்றிப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"விருந்தா வந்த பிள்ளைக்கு முன்னாடி மானம் போகக் கூடாதுன்னு எல்லா வீட்டுக்கும் குடுத்து அனுப்பினேன். அம்புட்டு வீட்லயும் புள்ளைக பசியோடதேன் இருந்துச்சுக. ஆனா ஒரு வீட்ல ஒரு பிடி எடுக்கலய்யா. குடுத்தது குடுத்தபடி எனக்குத் திரும்பி வந்துச்சு. எனக்கு மட்டும் அத ஒலயில போட மனசு வரல."

அதிகாரி அரிசியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு என்னை அழைத்து டம்ளரை நீட்டி, "இதே டம்ளர்தானா? நிச்சயமாகச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

நான் அதை வாங்கி உதட்டில் வைத்துப் பார்த்தேன். நெளிவு இடறியது. "இதேதான்" என்றேன். அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், விக்கி விக்கி.

"வேறு எந்த வீட்டுக்கெல்லாம் இது போனது?" என்று அதிகாரி ஜன்னல் பக்கம் கேட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேப்ப மரத்தடியிலிருந்து செயலாளரின் மனைவி வந்தாள். புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கினாள். அவர் அதிர்ந்துபோய்ப் பாதி எழுந்து, அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளுக்குப் பின்னால் இன்னொரு கை, அப்புறம் இரண்டு, அப்புறம் நான் எண்ணவில்லை. தலைப்பாகை வக்கீல் அந்தக் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டார்.

சில மாதம் கழித்து மில் வாசலில் தானியக் கடை திறந்தார்கள். கேட்ட அளவு இல்லை, ஆனாலும் அரிசி அரிசிதான். மில் ஆள் என்பதற்கு அத்தாட்சிச் சீட்டு உள்ளவர்களுக்கு மட்டும் போட்டார்கள். அந்த அக்காவிடம் சீட்டு இல்லை. கடை திறப்பதற்கு முந்தின வாரம், காரணம் ஒன்றும் சொல்லாமல் அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

சேதி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. கேட்ட அன்று நான் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் காம்பவுண்டுக்குப் போனேன். நோட்டும் இல்லை, பென்சிலும் இல்லை. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று தயாராகத்தான் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து, அதே சுளகில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டு அரிசி என்று நானே கேட்டேன். இந்தத் தடவை கேட்காமல் விடுவேனா?

"பதினேழு வீட்டு அரிசி" என்றாள். "கடையில போடப் போட ஆளுக்கு ஒரு பிடி கொண்டாந்து கொட்டுறாளுக. வேணாம்னாலும் கேக்க மாட்டேங்குறாளுக."

பிறகு எழுந்து உள்ளே போனாள். அந்தப் பித்தளை டம்ளரில் கேப்பைக் கூழ் ஊற்றி, ஒரு வெங்காயத்தையும் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"அரிசி இருக்கு. ஆனா ஒனக்குக் கெடையாது. நீ என்ன விருந்தாளியா? நாங்க குடிக்கிறதத்தேன் நீயும் குடிக்கணும்" என்று சிரித்தாள்.

குடித்தேன். பிறகு பல வருஷம், பல ஊர்களில் நான் அதே தகவல் திரட்டும் வேலையைத்தான் செய்தேன். இன்றைக்கும் யாராவது ஏழைகள் வீடுகளைச் சுற்றிப் பார்த்து ஆராய்ச்சி செய்து வந்ததாகச் சொன்னால், அங்கே உங்களுக்குக் குடிக்க என்ன கொடுத்தார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். காப்பி என்று அவர்கள் சொல்லிவிட்டால், அவர்கள் இன்னும் அந்த வீட்டுக்குள் போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும்.